‘நேத்து தூங்கினீங்களா?’: நெருக்கடியில் சக ஊழியர் ஆதரவு என்றால் என்ன?

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியானது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஒரு 108 வண்டியில் நோயாளியைத் தவிர இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுபவரை அங்கே பைலட் என்பார்கள். பின்னால் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர். படுக்கை கிடைக்கும்வரை வண்டியிலேயே ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சில நேரம் படுக்கை கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வண்டியைக் கழுவி, கிருமிநாசினி அடித்து முடிப்பதற்குள் அடுத்த கால் வந்துவிடும்.

அந்த இடைவெளியில் பைலட்டும் இஎம்டியும் ஒருவரோடு ஒருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். ‘சக ஊழியர் ஆதரவு’ என்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒரே வேலையைச் செய்கிறவர், அந்த வேலையால் மனம் கனத்துப்போன இன்னொருவரோடு சிறிது நேரம் உட்கார்ந்து காது கொடுப்பது, தேவைப்பட்டால் சரியான உதவியிடம் கொண்டுபோய் விடுவது. இதை எல்லோரும் எப்போதும் செய்துகொண்டுதானே இருக்கிறோம் என்று தோன்றும். பாதி உண்மை. நல்ல மனசு இருப்பவர்கள் செய்கிறார்கள், நேரம் கிடைத்தால் செய்கிறார்கள், பிடித்தவர்களுக்குச் செய்கிறார்கள். நெருக்கடி வந்தால் முதலில் காணாமல் போவது அந்த நேரம்தான். ஆகவே இதை ஏற்பாடாக, முறையாக, யார் யாரைக் கவனிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து நடத்த வேண்டும் என்பதுதான் இதில் புதிய விஷயம்.

முன்களப் பணியாளர் என்றதும் டாக்டரும் நர்ஸும் மட்டும் மனதுக்கு வருவது நம் பழக்கம். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த உடல்களை மீட்டு அடக்கம் செய்ய வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள். நாள்கணக்கில் அழுகிய உடல்களைத் தூக்கியவர்கள் அவர்கள். மனநல உதவி என்று பேச்சு வந்தபோது அது கரையோர மக்களைப் பற்றியதாக இருந்தது, அது நியாயமும்கூட. ஆனால் உடல் தூக்கிவிட்டு ஊர் திரும்பியவரிடம் ‘எப்படி இருக்கே’ என்று கேட்டது அநேகமாகப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான். சுடுகாட்டுப் பணியாளர்கள், வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்தவர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், கன்ட்ரோல் ரூமில் போன் எடுத்தவர்கள் என்று பட்டியல் நீளும்.

மனநல மருத்துவர் இருக்கும்போது சக ஊழியர் எதற்கு?

முதல் காரணம் எண்ணிக்கை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. பெருந்தொற்றின் நடுவில் ஒரு மருத்துவமனையின் ஆயிரம் ஊழியர்களையும் அவர்களிடம் அனுப்புவது நடக்காத காரியம். அதைவிடப் பெரிய காரணம், பெரும்பாலான ஊழியர்கள் போகவும் மாட்டார்கள். ‘மென்டல் டாக்டர்கிட்ட போனானாம்’ என்ற பேச்சு அடுத்த ஷிஃப்டுக்குள் எல்லா வார்டுக்கும் போய்விடும். வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ, பதவி உயர்வில் கை வைப்பார்களோ என்ற பயம் வேறு.

மூன்றாவது காரணம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: விளக்க வேண்டிய அவசியம் இல்லை. பிபிஇ உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் நின்றால் எப்படி இருக்கும் என்பதை வெளியாளிடம் சொல்லிப் புரியவைக்கவே பாதி தெம்பு போய்விடும். பக்கத்து வார்டு சிஸ்டரிடம் ‘நேத்து ஃபுல் கிட்ல நைட்’ என்றால் போதும், மீதி எல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டிலும் இதைச் சொல்ல முடியாது. கணவரோ அம்மாவோ ஏற்கெனவே, நீ வேலைக்கே போகவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் பயம் இரட்டிப்பாகும்.

பட்டம் இல்லாதவர்களால் ஒழுங்காகக் காது கொடுக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பில் போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், மனநல நிபுணர்கள் அல்ல.

எது கனக்கிறது?

களைப்பு, பயம், துக்கம். இவை எல்லோருக்கும் புரியும். கொரோனாவின் முதல் மாதங்களில் பயம் இரண்டு பக்கமும் இருந்தது: வார்டிலிருந்து கிருமியை வீட்டுக்குக் கொண்டு போய்விடுவோமோ என்று இவர்களுக்கு, இவர்கள் தங்கள் தெருவுக்குக் கொண்டு வந்துவிடுவார்களோ என்று ஊருக்கு. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களை ஒரு கும்பல் தாக்கி விரட்டியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்களுக்குக் காயம். கடைசியில் அவருடைய சக மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் உடன் நின்று, மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் காலை டூட்டிக்குப் போன ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்!

இவற்றைவிட உள்ளே இறங்கும் இன்னொன்று உண்டு. அதை ஆய்வாளர்கள் ‘மனசாட்சிக் காயம்’ என்ற பொருளில் பேசுகிறார்கள். அமெரிக்காவில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்த ஜோனத்தன் ஷே என்ற மனநல மருத்துவர் பரவலாக்கிய கருத்து இது. சரி என்று நம்புவதைச் செய்ய முடியாமல் போவதால், அல்லது தவறு என்று தெரிந்ததைச் செய்யவோ பார்த்துக்கொண்டிருக்கவோ நேர்வதால் வரும் வலி. ஒரு ஆக்ஸிஜன் படுக்கை, இரண்டு நோயாளிகள். யாருக்குக் கொடுப்பது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். இன்னொருவரின் மகன் வாசலில் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவான். இது நோய் அல்ல, மாத்திரையால் போகாது. ‘உங்க மேல தப்பில்லை’ என்ற வார்த்தையாலும் போகாது. தன் மேல் தப்பில்லை என்பது அவருக்கே தெரியும், ஆனாலும் கனக்கிறது. அதே மேசையில் அதே முடிவை எடுத்த இன்னொருவர் அருகில் இருப்பது கொஞ்சம் உதவுகிறது. சக ஊழியர் ஆதரவு வேறு எதையும்விட இங்கேதான் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

எப்படி ஏற்பாடு செய்கிறார்கள்?

2020-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவர்கள் ராணுவத்திடமிருந்து ஒரு வழக்கத்தைக் கடன் வாங்கினார்கள். ராணுவத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு ‘போர்த் தோழர்’ உண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். அதேபோல மருத்துவமனை ஊழியர்களை இரண்டு இரண்டு பேராக இணைத்தார்கள். ஜோடி சேர்ப்பதில் ஒரு நுணுக்கம் இருந்தது: ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரி பொறுப்பு, ஒரே மாதிரி வாழ்க்கைச் சூழல். சின்னக் குழந்தை வைத்திருப்பவருக்குச் சின்னக் குழந்தை வைத்திருப்பவர். வாரத்தில் இரண்டு மூன்று முறை, சில நிமிடம் பேசினால் போதும். இன்று எது கஷ்டமாக இருந்தது, எது நன்றாக நடந்தது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. அவ்வளவுதான். ஒருவரால் சமாளிக்க முடியவில்லை என்று தெரிந்தால் அந்தப் பிரிவுக்கென்று நியமிக்கப்பட்ட மனநல ஆலோசகர் ஒருவர் பின்னால் இருப்பார். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். அதனால்தான் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இது ஒத்துவரும். 108 வண்டியில் ஜோடி ஏற்கெனவே இருக்கிறது. பேசச் சொல்லித் தர வேண்டியதுதான் பாக்கி.

இரண்டாவது வகை, கூப்பிட்டால் வருவது. சிகிச்சையில் ஏதாவது தவறு நடந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. அந்தத் தவறைச் செய்த மருத்துவரோ செவிலியரோ பாதிக்கப்படும் இரண்டாவது ஆள் என்று 2000-ஆம் ஆண்டு ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் எழுதினார். அவர் பணிபுரிந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011-இல் ‘ரைஸ்’ என்ற குழு தொடங்கியது. இரவோ பகலோ எந்த ஊழியரும் அழைக்கலாம். பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் அரை மணி நேரத்துக்குள் திரும்ப அழைப்பார், பிறகு நேரில் வந்து உட்காருவார். ஆரம்பத்தில் மாதத்துக்குச் சராசரியாக ஓர் அழைப்புதான் வந்தது. நம் ஊராக இருந்தால் ‘யாரும் யூஸ் பண்றதில்லை’ என்று மூன்றாம் மாதமே மூடியிருப்பார்கள். அவர்கள் மூடவில்லை. சில ஆண்டுகளில் அது மாதம் நான்காக உயர்ந்தது. ஓர் அழைப்பில் ஒரு முழுக் குழுவே உட்கார்ந்து பேசியதும் உண்டு. கொரோனா வந்தபோது அவர்கள் புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்கவில்லை, இருந்ததைப் பெரிதாக்கினால் போதுமாக இருந்தது.

ஐந்து நிமிடம் எப்படி இருக்கும்?

கற்பனை உரையாடல்தான், ஆனால் எந்த வார்டிலும் நடக்கக்கூடியது. கொரோனா வார்டில் நைட் டூட்டி பார்த்த ஒரு இளம் ஸ்டாஃப் நர்ஸ், மறுநாள் மாலை மீண்டும் டூட்டிக்கு வருகிறார். சீனியர் சிஸ்டர் அவரைப் பிடித்து உட்கார வைக்கிறார்.

“நேத்து எட்டாம் பெட் போயிட்டாராமே. நீதானே இருந்தே?”

“ஆமாக்கா.”

“டீ வச்சிருக்கேன், உக்காரு. ஹேண்ட் ஓவருக்கு இன்னும் நேரமிருக்கு.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அவரு பொண்ணுக்கு வீடியோ கால் போட்டுக் குடுத்தேன். அது அப்பா அப்பான்னு கூப்பிட்டுட்டே இருந்துச்சு. நான்தான் போனைப் பிடிச்சிட்டு நின்னேன். அப்புறம் அவரு... நான் கட் பண்ணிட்டேங்கா. பண்ணியிருக்கக் கூடாதோ?”

“ம்... அதையே நினைச்சிட்டு இருக்கியா?”

“வீட்டுக்குப் போயும் அந்தக் குரல்தான் கேக்குது.”

“தூங்கினியா?”

“இல்லக்கா.”

“எனக்கும் போன வருஷம் ஒரு கேஸ் இப்படித்தான் கூடவே வந்துச்சு. இன்னைக்கு அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன், நீ இந்தப் பக்கம் எடுத்துக்கோ. வியாழக்கிழமை மறுபடி கேப்பேன், சரியா?”

இதில் அக்கா செய்யாதவற்றைக் கவனியுங்கள். ‘அழாதே’ என்று சொல்லவில்லை. ‘எல்லாம் விதி, விடு’ என்று சொல்லவில்லை. ‘நமக்கெல்லாம் இது சகஜம்’, ‘நீ மட்டுமா, என்னைப் பாரு’ என்று ஆரம்பிக்கவில்லை. இவை எல்லாம் அன்போடு சொல்லப்படுபவைதான், ஆனால் வாயை அடைத்துவிடும். கட் பண்ணியது சரியா தவறா என்று தீர்ப்பும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவள் பதில் தேடவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. தன் கதையை ஒரே வரியில் நிறுத்திக்கொண்டார். அதை நீட்டினால் உரையாடல் அக்காவைப் பற்றியதாகிவிடும்.

செய்தவை: ‘எப்படி இருக்கே’ என்று பொதுவாகக் கேட்காமல் நடந்ததைப் பெயர் சொல்லிக் கேட்டார். (எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நம் எல்லோருக்கும் ஒரே பதில்தான், ‘நல்லா இருக்கேன்’.) தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், மனசைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கூடத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசிவிடுவார். ஒரு சின்ன நடைமுறை உதவி செய்தார். மறுபடி எப்போது கேட்பேன் என்று நாளும் சொன்னார். பேரிடரில் சிக்கியவர்களுக்கான மன முதலுதவியை உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கையேடு மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை. அக்கா முதல் இரண்டையும் செய்துவிட்டார், வேறு உதவியோடு இணைக்க வேண்டிய அளவுக்கு இன்னும் போகவில்லை.

வற்புறுத்திப் பேச வைக்கலாமா?

கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு அதிகமாகச் செய்யப்படும் தவறு இது. ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக 1980-களில் ஒரு முறையை உருவாக்கினார். கோரமான சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று படிப்படியாகப் பேச வைப்பது. உலகம் முழுக்கப் பரவியது. கேட்க நியாயமாகவும் இருந்தது, மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் லேசாகிவிடும் அல்லவா? பிறகு இதையொட்டிய ஒரே அமர்வு முறைகளை விபத்தில் சிக்கியவர்கள், தீக்காயம் பட்டவர்கள் ஆகியோரிடம் சோதித்தபோது அவை பிற்கால மன பாதிப்பைத் தடுக்கவில்லை. சில ஆய்வுகளில் அமர்வில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அதற்குத் தயாராக இல்லாதவரைக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னால் புண்ணைக் கிளறியது போல ஆகிவிடுகிறது. அதனால் கட்டாயமாக எல்லோரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லும் ஒரே அமர்வு முறையை இன்று பரிந்துரைப்பதில்லை.

பேச விரும்பினால் பேசலாம். விரும்பாவிட்டால் சேர்ந்து டீ குடிக்கலாம். முதல் சில நாட்களில் தூக்கம் கெடுவது, படபடப்பு, திடீர் அழுகை எல்லாம் உடம்பும் மனமும் இயல்பாகக் காட்டும் எதிர்வினைகள். பெரும்பாலோருக்குத் தானாகவே குறையும். யாருக்குக் குறையவில்லை என்று பார்ப்பதற்குத்தான் ஒரு கண் வேண்டும்.

ரகசியம்

பேசியது வெளியே போனால் ஏற்பாடு அன்றோடு முடிந்தது. ஆகவே ஆதரவு கொடுப்பவர், அந்த ஊழியருக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது. லீவு கொடுப்பவரிடம், மெமோ கொடுப்பவரிடம் யார் மனம் திறப்பார்கள்? குறிப்பு எழுதக் கூடாது, பெயர் பதிவு செய்யக் கூடாது. ‘உன் நல்லதுக்குத்தான் மேடம்கிட்ட சொன்னேன்’ என்பது நல்லெண்ணமாகவே இருந்தாலும் நம்பிக்கைத் துரோகம்தான்.

விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் ரகசியம் காக்க முடியாது. இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ‘நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி’ என்பது போன்ற பேச்சு, வாரக்கணக்கில் தூக்கமின்மை, புதிதாகவோ அதிகமாகவோ குடிக்க ஆரம்பிப்பது, டூட்டிக்கு வராமல் போனையும் அணைத்துவிடுவது, செய்யும் வேலையில் தவறுகள் கூடுவது: இவற்றைப் பார்த்தால் சக ஊழியரின் வேலை அங்கே முடிந்தது, அடுத்த வேலை கூடவே போய் உதவியிடம் சேர்ப்பது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, தயங்காமல் கேட்கலாம். இந்தியா முழுவதும் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், பக்கத்திலேயே இருந்து அழைக்க வைப்பது நல்லது.

கேட்பவருக்கும் கனக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஹாப்கின்ஸ் குழுவில் ஒருவர் ஓர் அழைப்புக்குப் போய் வந்தால், பிறகு குழுவினர் அவரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் வார்டுகளில் எல்லோரும் தேடிப்போகும் ‘அக்கா’ ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அவரை யார் விசாரிக்கிறார்கள்?

இதனால் என்ன ஆகாது?

மன அழுத்த நோய்களை இது தடுத்துவிடும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இன்னும் இல்லை. பயன்படுத்தியவர்களுக்குப் பிடித்திருக்கிறது, உதவி கேட்கும் கூச்சம் குறைகிறது, வேலையை விட்டுப் போவதையும் லீவு எடுப்பதையும் குறைக்கலாம் என்பதுவரை சொல்லலாம். ஹாப்கின்ஸில் ஒரு பொருளாதாரக் கணக்கு, அந்தக் குழுவை அழைத்த ஒவ்வொரு செவிலியராலும் மருத்துவமனைக்குச் சுமார் 22,000 டாலர் மிச்சம் என்று மதிப்பிட்டது. அது ஒரு மதிப்பீடுதான். ஆனாலும் நிர்வாகத்திடம் பேசப் போகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தாள்.

அதோடு, முகக்கவசம் இல்லாத இடத்தில் முகக்கவசம்தான் ஆதரவு. ஆள் பற்றாக்குறைக்கு ஆள் போடுவதுதான் மருந்து. கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள், 2022 முடிவில் பணி நீட்டிப்பு இல்லை என்று சொல்லப்பட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களிடம் போய் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது கேலியாகத்தான் இருக்கும். நிர்வாகம் தன் கடமையைத் தட்டிக் கழிக்க இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தினால் ஊழியர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள், இனி அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

எப்போது கேட்பது?

பிரிட்டன் கடற்படையின் ராயல் மரீன்ஸ் பிரிவு 1990-களில், கோரமான சம்பவத்தைச் சந்தித்தவர்களைச் சக ஊழியர்களே கவனிக்கும் ‘ட்ரிம்’ என்ற முறையைத் தொடங்கியது. பிறகு அங்குள்ள காவல்துறையும் ஆம்புலன்ஸ் சேவைகளும் எடுத்துக்கொண்டன. அதில் கற்றுக்கொள்ள எளிய பாடம் ஒன்று உண்டு. சம்பவம் நடந்த உடனே பிடித்து உட்கார வைப்பதில்லை. சுமார் மூன்று நாள் கழித்துப் பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் வந்து பேசுவார். பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அதே ஆள், அதே கேள்விகளோடு மறுபடி வருவார். இரண்டு பதில்களையும் ஒப்பிட்டால் யார் தேறி வருகிறார், யார் தேறவில்லை என்று தெரிந்துவிடும்.

அந்த இரண்டாவது சந்திப்புதான் எப்போதும் விட்டுப்போவது. முதல் வாரம் எல்லோரும் விசாரிப்பார்கள். நோயாளிகள் எண்ணிக்கை குறைந்து, வார்டு பழையபடி ஆனதும், ‘அதான் முடிஞ்சுபோச்சே’ என்று ஜோடிகளும் கலைந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டே இருந்தவர் நின்று மூச்சு வாங்குவதே அப்போதுதான். பலருக்கு அதன் பிறகுதான் கனவுகளும் எரிச்சலும் வர ஆரம்பிக்கும். ஒரு வார்டில் இதைத் தொடங்க நினைப்பவர்கள், ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும் மூன்றாம் நாளையும் இருபத்தெட்டாம் நாளையும் ஜோடியில் இருவருமே தங்கள் போனில் அலாரமாக வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளும் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் போடும்படி ரோஸ்டர் எழுதுபவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.